அங்கம்மாவின் செப்புக் காசு

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். வாழ்த்துச் சொல்ல எனக்கு வராது. பிரசவத்தைப் பற்றியும் கிருமியைப் பற்றியும் உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். நான் படித்ததில் பாதி இன்று பிழை என்று ஆகிவிட்டது. அதனால் நான் விட்ட ஒரு பிழையை எழுதுகிறேன். இதை எந்த அறிக்கையிலும் நீங்கள் காண மாட்டீர்கள். அறிக்கை எழுதியவள் நான். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், பதுளையில் எனக்கு ஓர் அறை தந்திருந்தார்கள். ஒரு மேசை, நீராவியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று, ஒழுகும் கூரை. ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து ஒன்றிரண்டு கிழமைக்குள் குழந்தைகள் ஏன் சாகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். அதுதான் வேலை.

ஏன் என்பதில் பெரிய மர்மம் இல்லை. பெரும்பாலும் ஏற்புவலி, அதாவது டெட்டனஸ். குழந்தை நன்றாகப் பிறக்கும், சில நாள் நன்றாகப் பால் குடிக்கும். பிறகு ஒரு காலையில் முலையைக் கவ்வ வாய் திறக்காது. தாடை இறுகும். உடம்பு வில்லாக வளையும். தோட்டத்தில் இதை ‘இழுப்பு’ என்பார்கள். மண்ணில் கிடக்கும் கிருமி, தொப்புள்கொடி அறுத்த இடத்தால் உள்ளே போகிறது. நோய் வந்துவிட்டால் அன்றைக்கு எங்களால் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. வராமல் தடுப்பது ஒன்றே வழி.

அதற்காக நான் ஒரு பொட்டலம் செய்தேன். ஒரு புது பிளேடு, இரண்டு துண்டு நூல், கொஞ்சம் வலைத்துணி. எல்லாவற்றையும் நீராவியில் வைத்து எடுத்து, தடித்த தாளில் சுற்றி ஒட்டினேன். லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொடுத்துப் பார்க்க, அதை நடத்தும் துரை அனுமதி தந்தார். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே இரண்டு பிரிவு: மேற்கணக்கு, கீழ்க்கணக்கு. ஒவ்வொன்றிலும் பிரசவம் பார்க்கும் ஒரு மருத்துவச்சி. இருவரும் கொழுந்து பறிக்கும் பெண்கள்தான். பிரசவம் என்றால் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். இருவருக்கும் ஒரே பொட்டலம், ஒரே விளக்கம்.

கொழும்பில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். கடுகடுத்த மனிதர். அவர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: “ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று நீ சாகும்வரை தெரியாது.” நான் ஒன்றை மட்டும் மாற்றினேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கீழ்க்கணக்கில் இழுப்பு நின்றுவிட்டது. மேற்கணக்கில் நிற்கவில்லை. குழந்தைகள் முன்பு போலவே செத்தன.

நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மேற்கணக்கு மருத்துவச்சி பொட்டலத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டுக் கவ்வாத்துக் கத்தியால் அறுக்கிறாள் என்று நினைத்தேன். தேயிலைச் செடியை வெட்டும் கத்தி, மண்ணும் சாறும் படிந்த கத்தி. வேறு காரணம் ஒன்று இருக்கலாம் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்கே போனேன். காலையில் எல்லோரையும் கூட்டி வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம் அது. தோட்டமே கூடி நிற்கும். மேற்கணக்கு மருத்துவச்சி அங்கம்மா கூடையோடு வரிசையில் நின்றாள். ஐம்பது வயதிருக்கும், என்னைவிட மூத்தவள். நான் அவளோடு ‘நீ’ என்றுதான் பேசினேன்.

“அறுக்கிறதுக்குப் பிளேடு தந்தனான். நீ என்னத்தாலை அறுத்தனீ?”

“நீங்க குடுத்த பிளேடாலதாங்கம்மா.”

“பொய் சொல்லாதை. கீழ்க்கணக்கிலை ஒரு பிள்ளையும் சாகேல்லை. உன்ரை கையிலை மட்டும் ஏன் சாகுது?”

அவள் மடியிலிருந்து ஒரு சிறிய தகரப் பெட்டியை எடுத்துத் திறந்து நீட்டினாள். பாவித்த பிளேடுகள். ஒவ்வொன்றையும் நான் கொடுத்த தாளிலேயே சுற்றி வைத்திருந்தாள். கறுத்த இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் சொன்னேன்: “இரத்தம் ஆரும் பூசலாம்.”

பிறகு தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரைக் கூப்பிட்டு, இனி இந்த மனுசி எந்தப் பிரசவத்துக்கும் போகக் கூடாது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். என் யாழ்ப்பாணத் தமிழ் சிலருக்குப் பிடிபடவில்லை. அவர் அதைத் தோட்டத்துத் தமிழில் இன்னொரு தரம் சொன்னார். ஆக, அவள் இரண்டு தரம் அவமானப்பட்டாள்.

அன்று மத்தியானம் டிஸ்பென்சரி வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மழையில் நனைந்த கம்பளிச் சாக்கைத் தலையில் போட்டிருந்தாள். நிறைமாத வயிறு. பெயர் செல்லாயி. அவள் பெயரை என் படிவங்களில் இரண்டு இடத்தில் நான் எழுதியிருந்தேன்: முதல் பிள்ளை, பொட்டலம் வருமுன்னே, இழுப்பு. இரண்டாவது பிள்ளை, பொட்டலத்தோடு, இழுப்பு. முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

“பெரட்டுல கத்துன டாக்டரம்மா நீங்கதாங்களா?”

“ஓம்.”

“அங்கம்மா அக்கா வரக்கூடாதுன்னுட்டீங்க. எனக்கு இன்னைக்கோ நாளைக்கோ. யாரு வருவா? நீங்க வருவீங்களா?”

“பதுளை ஆஸ்பத்திரிக்கு வா.”

“லொறி கொழுந்து ஏத்துமாங்க, என்னய ஏத்துமாங்க?”

எனக்குக் கோபம் வந்தது. “உன்ரை ரெண்டு பிள்ளையும் அவளின்ரை கையாலைதானே போனது. பிறகும் அவள்தான் வேணுமோ?”

அவள் குரலை உயர்த்தவில்லை. “ரெண்டாவது புள்ளைக்கு அக்கா அந்தக் கவரப் பிரிச்சத நான் பாத்துக்கிட்டுத்தானே கெடந்தேன். பிளேடு வெள்ளையா பளபளன்னு இருந்துச்சு. அதாலதான் அறுத்தாங்க. அப்பறமும் புள்ள செத்துச்சு. அக்கா உள்ள இருந்தாங்க, நான் உள்ள இருந்தேன். நீங்க எங்கங்க இருந்தீங்க?”

நான் எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே, ரோட்டில், குடை பிடித்துக்கொண்டு நின்றேன். கங்காணியைக் கேட்டேன், புருஷன்மாரைக் கேட்டேன், டிஸ்பென்சரைக் கேட்டேன். அவர்கள் சொன்னதைப் படிவத்தில் நிரப்பினேன். பிள்ளை பிறந்த காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறைக்குள், முப்பது நாளைக்கு வெளியாட்கள் போவதில்லை என்று சொன்னார்கள். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பொய். ஆண் டாக்டருக்கு அந்தத் தடை பொருந்தும். நான் பெண். கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். கேட்கவில்லை, ஏனென்றால் போக விருப்பமில்லை. அட்டைக்கடி, புகை, ஈரச் சாக்கு நாற்றம் என்று காரணம் சொல்லலாம். உண்மையான காரணம், தோட்டத்து ஆட்களைப் பற்றி எங்கள் யாழ்ப்பாண வீடுகளில் இளக்காரமாகப் பேசும் பேச்சு எனக்குள்ளும் இருந்தது. அவ்வளவுதான்.

“நீ பார்த்ததெல்லாம் சொல்லு,” என்றேன்.

“சொல்லத் தெரியாதுங்க. நாளைக்கு வந்து பாருங்க. அக்காவயும் கூப்புடுறேன். வருவாங்களான்னுதான் தெரியல. நீங்க கத்துன கத்துல பெரிய தொரையே பங்களாவுல எந்திரிச்சி ஒக்காந்திருப்பாரு.”

மறுநாள் பிற்பகல் செல்லாயியின் காம்பராவுக்குப் போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். ஓர் அடுப்பு, ஒரு கயிற்றில் துணிகள், மூலையில் விறகு. அங்கம்மா வந்திருந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கம்பளியைச் சுருட்டிப் பிள்ளையாக வைத்தோம். பழைய சேலையைக் கிழித்துத் திரித்துக் கொடியாக வைத்தோம். நான் ஒரு பொட்டலத்தை முன்னால் வைத்து, எப்போதும் செய்வது போல் செய்யச் சொன்னேன். அவள் அசையவில்லை.

“செய்யுங்கக்கா,” என்றாள் செல்லாயி. “அவங்களுக்காவா செய்றீங்க? எனக்குச் செய்யுங்க.”

அங்கம்மா எழுந்தாள். சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கை கழுவினாள். எத்தனையோ தாதிமார் கழுவியதை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காகக் கழுவியவர்கள் குறைவு. தாளைப் பிரித்தாள். நூலால் இரண்டு இடத்தில் கட்டினாள். எல்லாம் நான் சொன்னபடி. பிறகு சட்டென்று எழுந்து வெளியே போனாள்.

“எங்கை போறா?”

“சாமிகிட்டங்க,” என்றாள் செல்லாயி.

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். லயத்துக்குப் பின்னால், மாடு கட்டும் இடத்துக்கு அருகில், மரத்தடியில் ஒரு கல். மஞ்சள் பூசிய அம்மன் கல். அங்கம்மா அதன் அடியில் மண்ணை விரலால் தோண்டி எதையோ எடுத்தாள். கண்ணில் ஒற்றினாள். சேலையில் துடைத்தாள். உள்ளே வந்து, கொடியின் கீழே அதை வைத்து, அதன்மேல் பிளேடை அழுத்தி அறுத்தாள். அறுத்த முனையில் அதையே வைத்து ஒரு தரம் அமுக்கி எடுத்தாள்.

பழைய செப்புக் காசு ஒன்று.

 பிளேடை நீராவியில் வைத்தவள் நான். நூலை வைத்தவள் நான். மாட்டுச் சாணம் ஊறிய மண்ணில் புதைந்து கிடந்த காசு, ஒவ்வொரு பிள்ளையின் பச்சைப் புண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது.

“இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?”

அங்கம்மா அன்று முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினாள். “நீங்க பிளேடப் பத்தித்தானே கேட்டீங்க. காசப் பத்தி எப்பங்க கேட்டீங்க?”

“கீழ்க்கணக்கிலை?”

“அவகிட்ட ஏதுங்க காசு? அவ சும்மா கையில புடிச்சே அறுக்கிறவ. இது எங்கம்மா கடல் தாண்டி வந்தப்ப முடிஞ்சு கொண்டாந்தது. அம்மன் காலடியில இருந்து எடுத்து வச்சாத்தான் புள்ள தங்கும்.”

கையை நீட்டி, அந்தக் காசைக் கேட்டேன். எனக்கு அது ஆதாரம். அதைக் கொழும்புக்கு அனுப்பிக் கிருமியை வளர்த்துக் காட்டினால், எந்தத் தோட்டத்திலும் எவரும் மறுத்துப் பேச முடியாது. கல்லடி மண்ணை அனுப்பிப் பயனில்லை. எந்த மண்ணிலும் அந்தக் கிருமி கிடக்கும். காசுதான் வேண்டும். அங்கம்மா விரல்களை மூடிக்கொண்டாள். நான் மறுபடியும் கத்தத் தொடங்கினேன்.

அப்போதுதான் செல்லாயி சுவரைப் பிடித்தாள். காலையிலிருந்தே வலி இருந்திருக்கிறது. சொன்னால் லொறியில் ஏற்றிவிடுவேன் என்று மறைத்திருக்கிறாள். இப்போது லொறியும் இல்லை. மழையில் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. மூன்றாவது பிரசவம். அதிக நேரம் எடுக்காது என்று எனக்குத் தெரிந்தது.

“காசு வேண்டாம். பிளேடு மட்டும் போதும்,” என்றேன்.

“காசு வேணுங்க,” என்றாள் செல்லாயி.

“காசோடை அறுத்துத்தானே ரெண்டும் போனது!”

சொன்ன பிறகுதான் என் வாய் எனக்கே கேட்டது.  அங்கம்மா தன் கையை விரித்துக் காசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. 

இந்த இடத்தில் நான் அவளைத் தள்ளிவிட்டு நானே பிரசவம் பார்த்திருக்கலாம். அதற்கு எனக்கு அதிகாரமும் இருந்தது, படிப்பும் இருந்தது. இந்தப் பிள்ளை பிழைக்கும். ஆனால் நான் பதுளைக்கு பஸ் ஏறியதும் அடுத்த பிள்ளைக்கு மறுபடி மண்ணிலிருந்து காசு வரும். அல்லது அங்கம்மா இனி எவருக்கும் கை வைக்க மாட்டாள். அப்போது கவ்வாத்துக் கத்தியோடு யாராவது புருஷன் நிற்பான். மேற்கணக்குக்கு இருந்தது அவள் ஒருத்தி. அவள் கையும் வேண்டும், அந்தக் கையில் காசும் வேண்டும், காசில் கிருமி இருக்கக் கூடாது.

“சரி, காசு இருக்கட்டும். அதை அவிச்சுத் தாறன்.”

“காச அவிக்கிறதாங்க?” அங்கம்மாவுக்கு அந்த நிலையிலும் கோபம் வந்தது. “மரவள்ளிக் கெழங்காங்க அது?”

வலிக்கும் வலிக்கும் நடுவே செல்லாயி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: “தண்ணியில ஏங்க்கா? தீயில போடுங்க. அம்மன் தீக்குழியில எறங்கி வர்றவதானே. அவளுக்குத் தீ ஆகாதா?”

நான் படித்தவள். சொல்ல வேண்டியதை அவள் சொன்னாள். இந்தக் கிருமியின் வித்து கொதிநீரிலும் லேசில் சாகாது. அடுப்புத் தணலில் சிவக்கக் காய்ந்தால் தப்பாது.  அங்கம்மா காசைக் கண்ணில் ஒற்றி அடுப்பில் போட்டாள். என் ஆதாரமும் அதோடு போனது. பஞ்சால் ஒரு தரம் துடைத்து எடுத்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்திருக்கலாம். அன்று தோன்றவில்லை.

“சும்மா நிக்காம ஊதுங்க,” என்று அங்கம்மா ஊதுகுழலை என் கையில் தந்தாள். அந்தப் பிரசவத்தில் டாக்டர் செய்த வேலை அடுப்பு ஊதியதுதான். கண் எரிய எரிய ஊதினேன். காசு கறுத்தது, பிறகு சிவந்தது. இடுக்கியால் எடுத்து வலைத்துணியில் ஆற வைத்தோம். அதற்குள் பிள்ளை தலை காட்டிவிட்டது. பெண் பிள்ளை. பிறந்ததும் வீடு அதிரக் கத்தியது.

“டாக்டரம்மா மாதிரியே தொண்ட,” என்றாள் செல்லாயி.

அங்கம்மா காசின்மேல் வைத்து அறுத்தாள். 

தோட்டத்து ஒபீசிலிருந்து கொழும்பில் எனக்கு மேலே இருந்தவருக்கு போன் எடுத்தேன்.

“ஆதாரத்தைத் தீயில் போட்டாயா?”

“போட்டேன்.”

“முட்டாள்.”

“ஓம் சேர்.”

 பிறகு கேட்டார்: “மருத்துவச்சியை மாற்றினாயா? பொட்டலத்தை மாற்றினாயா?”

“இல்லை. காசு தீயில் போனது மட்டும்தான்.”

“அப்படியானால் ஒன்றைத்தான் மாற்றியிருக்கிறாய். பதினாலு நாள் கழித்து எடு.” போனை வைத்துவிட்டார்.

அங்கம்மா பழையபடி பிரசவத்துக்குப் போகலாம் என்று டிஸ்பென்சருக்குச் சொன்னேன். நான் பதுளைக்குத் திரும்பவில்லை. டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் படுத்துக்கொண்டேன். தினமும் காலையும் மாலையும் லயத்துக்கு ஏறினேன், சப்பாத்தைக் கழற்றினேன், உள்ளே போனேன். பிள்ளை பால் குடிப்பதைப் பார்த்தேன். வேறு சோதனை எதுவும் தேவையில்லை. வாய் திறந்து கவ்வினால் அன்றைய நாள் தப்பியது.

ஆறாம் நாள் காலையில் நான் வாசலை அடையும்போதே அங்கம்மா எதிரே வந்தாள். “வாய வைக்க மாட்டேங்குது,” என்றாள்.  செல்லாயி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தாள். அவளது இரண்டு பிள்ளைகளும் இதே நாட்களில்தான் வாய் திறக்காமல் போயின.  கை கழுவினேன். விரலைப் பிள்ளையின் உதட்டில் வைத்தேன். உதடு விரிந்தது. தாடை இறங்கியது. விரலைப் பிடித்து அப்படி ஒரு இழுப்பு இழுத்தது! பிறகு தும்மியது. மூக்கடைப்பு. அடுப்புப் புகை. அவ்வளவுதான். மூக்கைத் துடைத்துவிட்டதும் தாயிடம் தாவிக் குடித்தது.

அங்கம்மா வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். இந்தப் பிள்ளைக்காக மட்டும் அழவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அக்கா, பிளேடு கொண்டுவந்து தந்த எனக்கே தெரியாததை நீங்கள் எப்பிடித் தெரிஞ்சிருப்பீங்கள்?” என்றேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. ஆனால் அது உண்மை.

பதினாலு நாள் கழிந்தது. கொழும்புக்கு போன் எடுத்தேன். “நல்லது. அடுத்ததைப் பார்,” என்றார். அடுத்ததும் பிழைத்தது. அதற்கடுத்ததும். அம்மன் கல்லடியில் கிடந்த காசு அங்கம்மாவின் அடுப்பு மேட்டுக்கு இடம் மாறிவிட்டது. பிரசவ வலி என்று ஆள் வந்தால் முதலில் அது தணலுக்குள் போகும். பிறகு நான் மற்றத் தோட்டங்களுக்குப் போனபோது படிவத்தைக் கடைசியாகத்தான் எடுத்தேன். கம்பளியைச் சுருட்டிப் போட்டு, “செய்து காட்டுங்கள்” என்றேன். ஓரிடத்தில் காசு, ஓரிடத்தில் சாம்பல், ஓரிடத்தில் தாத்தாவின் சவரக் கத்தி. எதையும் என்னிடம் மறைத்திருக்கவில்லை. கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை. நீங்களும் படிவத்தோடு ரோட்டில் நிற்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மழை பெய்யும், அட்டை கடிக்கும். ஏறிப் போங்கள்.

ஒன்று மீதம் இருந்தது. முப்பது நாள் கழிந்து செல்லாயி பிள்ளையை வெளியே கொண்டுவந்த மறுநாள் காலை, நான் மறுபடி பெரட்டுக்களத்துக்குப் போனேன். ஊர் கேட்கத் திட்டியதற்குக் காதுக்குள் மன்னிப்புக் கேட்க முடியாது. அதே இடத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், அதே குரலில், “அங்கம்மா அக்கா பிளேடாலைதான் அறுத்தவ. நான் சொன்னது பொய். பிழை என்னுடையது,” என்றேன். டிஸ்பென்சர் வழக்கம்போல அதைத் தோட்டத்துத் தமிழில் இன்னொரு தரம் சொன்னார்.

செல்லாயியின் பிள்ளை அங்கம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அதன் காதைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“சரிங்கம்மா, சரி. திட்டுறதும் கத்தல், மன்னிப்பும் கத்தலா? இப்பதான் பாலக் குடிச்சிட்டுக் கண்ண மூடுச்சு. மெதுவாப் பேசுங்க, முழிச்சிக்கிடும்.”